ஓய்வுக்கு ஒரு பத்து நாள் ஒத்திகை

ஒரே சுற்றறிக்கை ஒரே நாளில் ஒரே வீட்டுக்குள் இரண்டு தடவை நுழைந்தது. காலையில் பணி முடிந்து வந்த ஏணி, நாலாக மடித்து வியர்வையில் ஊறிப்போன தாளைச் சட்டைப்பையிலிருந்து எடுத்துச் சாப்பாட்டு மேஜையில் வைத்தார். சாயங்காலம் காவல் நிலையத்திலிருந்து வந்த அவருடைய மனைவி, ஓரம்கூடக் கசங்காத அதே தாளைக் கைப்பையிலிருந்து எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார். கல்லூரியில் படிக்கும் மகள் இரண்டையும் கையில் எடுத்து வரிக்கு வரி ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, "வீட்டுக்கு ஒண்ணு போதாதா? காகிதம்தான் வீண்," என்றாள்.

ஏணி தீயணைப்பு வீரர். ஆறடிக்கு ஓர் அங்குலம் குறைவு. இருபத்தேழு வருஷமாக ஏணியைத் தூக்கிச் சாத்துவதும் அதில் முதல் ஆளாக ஏறுவதும் அவர் வேலை என்பதால் நிலையத்தில் யாரோ ஒருநாள் அப்படிக் கூப்பிட, அது ஒட்டிக்கொண்டுவிட்டது. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் உயிரோடு இருந்தது. மனைவிக்கும் அதே கதிதான். காவல் நிலையத்தில் புகார்களையும் வாக்குமூலங்களையும் எழுதும் தலைமைக் காவலர் அவர். ஊரே ரைட்டரம்மா என்று கூப்பிட்டது. கட்டியவரும் அப்படியே கூப்பிட்டார்.

சுற்றறிக்கை சொன்னது இதுதான். காவல் துறையிலும் தீயணைப்புத் துறையிலும் இருபத்தைந்து வருஷம் முடித்தவர்கள் ஐம்பத்தெட்டு வயதுவரை காத்திருக்க வேண்டாம். இப்போதே ஓய்வூதியத்தோடு வீட்டுக்குப் போகலாம். முன்கூட்டிப் போகிற ஒவ்வொரு வருஷத்துக்கும் ஓய்வூதியத்தில் கொஞ்சம் கிள்ளிக்கொள்வார்கள். மாதக் கடைசி நாள் மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பிக்க வேண்டும். கொடுத்த விண்ணப்பத்தைத் திரும்ப வாங்க முடியாது.

இருவருக்கும் தகுதி இருந்தது. ஆனால் மகளுக்கு இன்னும் இரண்டு வருஷப் படிப்பு பாக்கி. இரண்டு பேரும் சேர்ந்து வீட்டில் உட்கார்ந்தால் கட்டுப்படியாகாது என்று ரைட்டரம்மா ஒரே நிமிஷத்தில் சொல்லிவிட்டார். ஒருவர் போகலாம். யார் என்பதுதான் கேள்வி. மற்ற வீடுகளில் எனக்கு எனக்கு என்று சண்டை வரும். இந்த வீட்டில் உனக்கு உனக்கு என்று வந்தது.

"நீங்க போங்க," என்றார் ரைட்டரம்மா.

"நான் எதுக்கு? நீ போ. உக்காந்து உக்காந்து இடுப்பு போச்சுன்னு தினமும் சொல்றது யாரு?"

"என் இடுப்பு ஒண்ணும் மூணாவது மாடி ஜன்னல்ல தொங்கலையே."

"நான் தொங்கறேன்னு யார் சொன்னது? நான் ஏறறேன்."

"போன மாசம் ஏறிட்டு இறங்கினப்போ முட்டியைப் பிடிச்சுக்கிட்டு அஞ்சு நிமிஷம் படியில உக்காந்தீங்களாம். உங்க டிரைவர்தான் சொன்னான்."

ஏணிக்குச் சுரீர் என்றது. நிலையத்து டிரைவருக்கு ஹாரன் என்று பெயர். வண்டியில் இருக்கும் ஹாரன் போதாதென்று வாயிலும் ஒன்று வைத்திருந்தான். ஏணி விஷயத்தைத் திருப்பினார். தான் சுயநலக்காரன் இல்லை, மனைவி ஓய்வெடுக்க வேண்டும் என்றுதான் தான் தொடர்ந்து உழைக்க விரும்புவதாக நீளமாகப் பேசினார். அது பாதி உண்மை. மீதிப் பாதியை அவர் தனக்கே சொல்லிக்கொள்வதில்லை. நிலையத்தில் அவர் ஏணி. வீட்டில் சும்மா உட்கார்ந்தால் அவர் யார்? எரிகிற கட்டடத்துக்குள் போனபோதெல்லாம் வராத பயம் ஒரு சாய்வு நாற்காலியை நினைத்தால் வந்தது.

"சரி, இப்படிப் பண்ணலாம்," என்றார் கடைசியில். "எங்க வேலையில ஒத்திகை பார்க்காம எதையும் செய்ய மாட்டோம். எனக்கு லீவு நிறைய கிடக்கு. பத்து நாள் வீட்டுல இருக்கேன். ரிடையர் ஆன ஆளு மாதிரியே இருக்கேன். தினமும் பதிவேடு எழுதறேன். பத்தாவது நாள் நீயே படிச்சுப் பாரு. நான் தேறலைன்னா நீ கையெழுத்துப் போடணும். சம்மதமா?"

ரைட்டரம்மா அவரை ஒரு பார்வை பார்த்தார். திருடனிடம் 'சரி, நீ சொல்லு' என்று சொல்லும்போது பார்க்கிற பார்வை. "சம்மதம்," என்றார்.

ஏணியின் திட்டம் எளிமையானது. பத்து நாளும் படுதோல்வி அடைந்து காட்ட வேண்டும். வீட்டில் இருந்தால் இந்த மனிதன் வீட்டையே தலைகீழாக்கிவிடுவான், இவனை வேலைக்கே அனுப்பிவிடுவது உத்தமம் என்று மனைவி வாயாலேயே வரவழைக்க வேண்டும். இருபத்தேழு வருஷத்தில் எந்த ஒத்திகையிலும் தோற்றதில்லை. தோற்பதற்கு என்ன பெரிய திறமை வேண்டும் என்று நினைத்துக்கொண்டார்.

முதல் நாள் காலையில் அட்டை போட்ட ஒரு புது நோட்டில் கோடு கிழித்தார். நேரம், செய்தது, தவறு என்று மூன்று பத்தி. நிலையத்தில் எழுதுகிற அதே முறை. பிறகு தோல்வியைத் தொடங்கினார். வீட்டை ஆய்வு செய்து எல்லோர் உயிரையும் வாங்குவது என்று முடிவு. வாசலில் வழியை அடைத்துக்கொண்டிருந்த செருப்பு அலமாரியை நகர்த்தினார். மாடிப்படியில் பக்கத்து வீட்டுக்காரர்கள் போட்டு வைத்திருந்த உடைந்த சைக்கிள், காலி டப்பா, பழைய மெத்தை எல்லாவற்றையும் அப்புறப்படுத்தச் சொல்லிக் கதவைத் தட்டினார். சண்டைக்கு வருவார்கள், மனைவியிடம் புகார் போகும் என்று எதிர்பார்த்தார். இரண்டாம் மாடிக்காரர், "ரொம்ப நன்றி சார். நாலு வருஷமா நானும் சொல்லிக்கிட்டு இருக்கேன், என் பேச்சை யாரும் காதுலயே போட்டுக்கலை," என்று கையைப் பிடித்துக்கொண்டார். கூடவே ஒரு டம்ளர் காபியும் கொடுத்தார்.

இரண்டாம் நாள் பாலைப் பொங்க விடுவது என்று தீர்மானித்தார். அடுப்பில் பாலை வைத்துவிட்டுக் கூடத்தில் வந்து உட்கார்ந்தார். பத்திரிகையைப் பிரித்தார். தலைப்புச் செய்தியில் பாதி படித்திருப்பார். கால் தானாக எழுந்து நடந்தது, கை தானாக அடுப்பை அணைத்தது. மறுபடி பற்ற வைத்துவிட்டு வந்து நாற்காலியின் கையை இறுகப் பிடித்துக்கொண்டார். மறுபடியும் அதேதான். அடுப்பில் ஒன்று இருக்கும்போது ஆள் இல்லாமல் இருப்பது என்பது அவர் உடம்புக்கு ஒவ்வாத காரியம். மூன்றாம் முயற்சியில் பால் சுண்டக் காய்ந்து, ஆடை கட்டி, அபாரமான ருசியோடு இருந்தது. சாயங்காலம் குடித்துப் பார்த்த மகள், "அப்பா, தினமும் நீங்களே பால் காய்ச்சுங்க," என்றாள்.

மூன்றாம் நாள் அவளோடு சண்டை போடுவது என்று திட்டம். ரிடையர் ஆன அப்பாக்கள் பெண்களின் ஃபோன் பற்றித்தான் சண்டை போடுவார்கள் என்று கேள்விப்பட்டிருந்தார்.

"எப்பப் பார்த்தாலும் அந்த ஃபோன்ல என்ன?"

"பாலத்துக்கு எவ்வளவு பாரம் தாங்கும்னு ஒரு கணக்குப்பா. புரியலை. ஏணியைச் சுவத்துல எவ்வளவு சாய்ச்சு வெச்சா வழுக்காதுன்னு உங்களுக்குத் தெரியும்தானே? கிட்டத்தட்ட அதேதான்."

அவ்வளவுதான். இரண்டு மணி நேரம் தாளும் பென்சிலுமாக ஓடிப் போயிற்று. ஏணியின் அடிப்பாகம் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்க வேண்டும் என்பதை அவர் துடைப்பத்தை வைத்துச் செய்து காட்டினார். மகள் கணக்கைப் போட்டு முடித்துவிட்டு அவர் தோளில் ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போனாள். இப்படி அவள் பக்கத்தில் உட்கார்ந்து கடைசியாகப் பாடம் பார்த்தது எப்போது என்று யோசித்தார். அவள் அகர வரிசை எழுதிய காலம்தான் ஞாபகம் வந்தது.

அன்று பதிவேட்டில், "பொழுது போகவில்லை. மிகவும் கஷ்டமாக இருந்தது. வீட்டில் அமைதி இல்லை," என்று எழுதினார். எழுதும்போது கை கொஞ்சம் கூசியது. தவறு என்ற பத்தியில் இதுவரை அவர் பொய் எழுதியதே இல்லை.

நாலாம் நாள் சொட்டிக்கொண்டிருந்த சமையலறைக் குழாயைச் சரிசெய்தார். ஐந்தாம் நாள் காலை ஏழு மணிவரை தூங்கினார். ஆறாம் நாள் மனைவிக்கு மதியச் சாப்பாட்டைக் காவல் நிலையத்துக்கே கொண்டுபோய்க் கொடுத்தார். அங்கே வாக்குமூலம் கொடுக்க வந்திருந்த ஒரு ஆள் அவரை ஏதோ பெரிய அதிகாரி என்று நினைத்து எழுந்து நின்றான். பதிவேட்டில் மூன்று நாளுக்கும் சேர்த்து, "மிகவும் சலிப்பு," என்று எழுதினார்.

ஏழாம் நாள்தான் அவருக்கு மூக்கு உடைந்தது.

அன்று ரைட்டரம்மாவுக்கு வார விடுமுறை. மதியம் சாப்பிட்டுவிட்டு ஏணி பால்கனி ஓரமாக நாற்காலியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். கண் விழித்தபோது மணி நாலு. மார்பில் பத்திரிகை. மகள் எதிரே நின்று வினோதமாகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னம்மா?"

"உங்க வண்டி போச்சேப்பா. நம்ம தெரு வழியா. சைரன் போட்டுக்கிட்டு. கேக்கலையா?"

"எப்போ?"

"ரெண்டு இருபதுக்கு. வீடே அதிர்ந்துச்சு. நீங்க குறட்டை விட்டுக்கிட்டு இருந்தீங்க."

"விளையாடாதே."

"அம்மாவைக் கேளுங்க."

ஏணி உள்ளே எட்டிப் பார்த்தார். கட்டிலில் மடித்த துணிகள் அடுக்கி இருந்தன. ரைட்டரம்மா அலமாரியில் அவற்றை வைத்துக்கொண்டே ஏதோ ஒரு பழைய பாட்டை முணுமுணுத்துக்கொண்டிருந்தார். அவர் பாடி ஏணி கேட்டு எத்தனையோ வருஷமாயிற்று. ஜெயித்துவிட்ட சந்தோஷம் என்று ஏணி நினைத்தார். எரிச்சலாக வந்தது. இருபத்தேழு வருஷமாகப் பக்கத்து அறையில் மணி அடித்தாலே பாதித் தூக்கத்தில் கால்சட்டைக்குள் கால் நுழைக்கிற மனிதன் அவர். அவருடைய சொந்த வண்டி, தலைக்கு நாற்பது அடி கீழே அலறிக்கொண்டு போயிருக்கிறது. அவர் வாயைப் பிளந்துகொண்டு தூங்கியிருக்கிறார். உடம்பு அவரைக் கேட்காமலேயே விண்ணப்பத்தில் கையெழுத்துப் போட்டுவிட்ட மாதிரி இருந்தது.

மறுநாள் காலையில் நிலையத்துக்குப் போனார். சும்மா பார்க்க வந்ததாகச் சொல்லிவிட்டு நேரே பதிவேட்டைப் புரட்டினார். இருந்தது. இரண்டு பத்தொன்பதுக்கு அழைப்பு. கடைத்தெருவில் பழைய அட்டைப்பெட்டிக் குவியலில் தீ. யாருக்கும் காயமில்லை. கூரையை எட்ட ஏணி போடப்பட்டது. யார் போட்டது என்று பார்த்தார். போன வருஷம் சேர்ந்த பையன். எடுத்துக்கொண்ட நேரம் ஏணியின் நேரத்தைவிட இரண்டு விநாடி குறைவு.

ஹாரன் துணியால் வண்டிக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தான். "அண்ணே! நேத்து உங்க வீட்டுக்குக் கீழ வர்றப்போ உங்களுக்காகவே தனியா ரெண்டு தடவை அடிச்சேன். நீங்க வந்து நிப்பீங்கன்னு எல்லாரும் அண்ணாந்து பார்த்தோம்."

"நான் வெளியே போயிருந்தேன்," என்றார் ஏணி.

"அண்ணி நின்னாங்களே."

"எங்கே?"

"பால்கனியில. கையில ஏதோ துணி. அதை ஆட்டி ஆட்டிக் காட்டினாங்கண்ணே, ஊர்வலத்துக்குக் கொடி ஆட்டற மாதிரி. ஒரே சிரிப்பு. இத்தனை வருஷத்துல அண்ணி எங்களைப் பார்த்துச் சிரிச்சதே இல்லை. வண்டியைக் கண்டாலே மூஞ்சியைத் திருப்பிக்குவாங்க. என்னண்ணே விசேஷம்?"

ஏணிக்கு விசேஷம் என்னவென்று தெரியவில்லை. தெரிந்த மாதிரி தலையாட்டிவிட்டு வந்துவிட்டார். அன்று பதிவேட்டில் ஏழாம் நாளுக்கு எதிரே, "மதியம் முழுவதும் மிகவும் விழிப்புடன் இருந்தேன்," என்று எழுதினார்.

ஒன்பதாம் நாள் ரைட்டரம்மா ஆறரைக்கு வீட்டுக்கு வரவில்லை.

ஆறே முக்காலுக்கு ஏணி கடிகாரத்தைப் பார்த்தார். ஏழுக்கு ஃபோன் செய்தார். அணைத்து வைக்கப்பட்டிருக்கிறது என்று ஒரு குரல் சொன்னது. ஏழு ஐந்துக்கு இரண்டாம் மாடிக்காரர் படியில் ஏறிக்கொண்டே, நாற்சந்தியில் ஏதோ கைகலப்பாம், போலீஸெல்லாம் ஓடுகிறதாம் என்று யாரிடமோ சொல்வது காதில் விழுந்தது. அதற்குப் பிறகு அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. பால்கனிக்குப் போனார். வாசலுக்குப் போனார். மூன்று மாடியும் இறங்கித் தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு, முட்டி வலிக்க மறுபடி ஏறி வந்தார். தீ என்றால் எந்தப் பக்கம் தண்ணீர் அடிக்க வேண்டும் என்று தெரியும். இதற்கு எந்தப் பக்கம் போய் நிற்பது? டி.வி.யைப் போடக் கையை நீட்டினார்.

"வேண்டாம்பா," என்றாள் மகள்.

"செய்தியில சொல்லுவான்."

"அதான் வேண்டாம்னு சொல்றேன்."

காவல் நிலையத்துக்கு ஃபோன் செய்ய எண்ணைத் தேடினார். மகள் ஃபோனை மெல்ல வாங்கி மேஜையில் கவிழ்த்து வைத்தாள். "அதுவும் கூடாது. லைன் பிஸியா இருக்கும். அங்கே இருக்கறவங்களுக்கு வேலை இருக்கும். உக்காருங்க." உள்ளே போய் ஒரு பை நிறையப் பட்டாணியும் ஒரு பாத்திரமும் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். "உரிங்க."

"இப்போ எதுக்குப் பட்டாணி?"

"கைக்கு வேலை. உரிச்சா போதும், சமைக்கணும்னு இல்லை."

ஏணி அவளைப் பார்த்தார். அவள் முகத்தில் பதற்றமே இல்லை. அந்த நிதானத்தை அவர் எங்கோ பார்த்திருக்கிறார். புதுப் பையனுக்கு முதல் ஒத்திகை சொல்லிக்கொடுக்கும் மூத்த ஆளின் நிதானம் அது.

"இதெல்லாம் யார் சொல்லிக்கொடுத்தது?"

"அம்மாதான். நான் ஒண்ணாவது படிக்கறப்போ." அவளும் எதிரே உட்கார்ந்து ஒரு கை பட்டாணியை எடுத்துக்கொண்டாள். "நீங்க வர லேட்டானாலோ, சைரன் சத்தம் கேட்டாலோ செய்யறது. டி.வி. போடக் கூடாது. நிலையத்துக்கு ஃபோன் பண்ணக் கூடாது. உக்காந்துக்கிட்டே செய்யற மாதிரி ஏதாவது வேலை எடுத்துக்கணும். பட்டாணி இல்லாத நாள்ல துணி மடிப்போம்."

"அவ்வளவுதானா?"

"இன்னொண்ணு இருக்கு. ஒருத்தர் அழுதா இன்னொருத்தர் அழக் கூடாது. முறை வெச்சுப்போம்."

ஏணி பட்டாணியை உரித்தார். தலை நிமிரவில்லை. உலகத்திலேயே ஒத்திகை தெரிந்த ஒரே ஆள் தான்தான் என்று மார்தட்டிக்கொண்டிருந்த மனிதனுக்கு, தன் வீட்டுக் கூடத்தில் பதினாலு வருஷமாக ஒரு ஒத்திகை நடந்துகொண்டிருந்தது தெரியாமல் போயிற்று. வெட்கமாக இருந்தது. அவர் வேலை முடிந்து வரும்போதெல்லாம் வீடு சிரித்துக்கொண்டுதான் கதவைத் திறந்திருக்கிறது. சாப்பாட்டில் அடிக்கடி பட்டாணி இருந்திருக்கிறது. இந்த வீட்டுக்குப் பட்டாணி என்றால் பிடிக்கும் போல என்று அவர் நினைத்திருக்கிறார்.

ஏழே முக்காலுக்கு ரைட்டரம்மா வந்தார். சீருடையில் ஒரு மடிப்புக் கலையவில்லை. கடைசி நேரத்தில் ஒரு அம்மா ஆட்டுக்குட்டி காணோம் என்று வந்துவிட்டார், புகாரைவிட ஆட்டுக்குட்டியின் குணநலன்களை எழுதத்தான் நேரமாயிற்று, ஃபோனில் சார்ஜ் இல்லை என்று செருப்பைக் கழற்றிக்கொண்டே சொன்னவர், கூடத்துக்குள் வந்ததும் நின்றுவிட்டார். பாத்திரம் நிரம்பி, இன்னொரு பாத்திரமும் நிரம்பி, மேஜையெல்லாம் பட்டாணி. நடுவில் ஏணி.

மகள் எழுந்து, "நான் போய்ப் படிக்கறேன். அப்பா நல்லாவே பண்ணினாரு. டி.வி. பக்கம் மட்டும் ஒரு தடவை கை போச்சு," என்று சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டாள்.

ரைட்டரம்மா எதிரே உட்கார்ந்தார்.

"ஒரு மணி நேரம் பதினஞ்சு நிமிஷம்," என்றார் ஏணி. "என்னால முடியலை. நீ எப்படி இத்தனை வருஷம்?"

"பழகிடுச்சு."

"பொய் சொல்லாதே."

"சரி, பழகலை." அவர் பதிவேட்டை இழுத்துப் பிரித்தார். "ஆனா முதல்ல உங்க பொய்யைப் பார்ப்போம். 'மிகவும் கஷ்டம்', 'மிகவும் சலிப்பு', 'மிகவும் விழிப்புடன்'. இருபத்தஞ்சு வருஷமா வாக்குமூலம் எழுதறேன். நிஜத்தைச் சொல்றவன் 'மிகவும்' போட மாட்டான். ஏழாம் நாள் என்ன நடந்துச்சு?"

"தூங்கிட்டேன்."

"சைரன்?"

"கேக்கலை. போதுமா? நீ ஜெயிச்சிட்டே. கிழவன் ஆயிட்டேன். அதுக்குத்தானே பால்கனியில நின்னு துணியை ஆட்டினே? ஹாரன் சொல்லிட்டான்."

ரைட்டரம்மா சிரிக்க ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டே இருந்தவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது," என்றார். "அன்னிக்கு சைரன் சத்தம் கேட்டதும் என் கை தானா துணியை எடுத்துச்சு. எப்பவும் போல. எந்தப் பக்கம் போகுது, பெரிய தீயா சின்னதான்னு காதைத் தீட்டிக்கிட்டு மடிச்சேன். மூணு துணி மடிச்சிட்டேன். நாலாவது உங்க சட்டை. அப்பத்தான் உங்க குறட்டை கேட்டுச்சு." அவர் மேஜையில் கிடந்த ஒரு பட்டாணியை விரலால் உருட்டிக்கொண்டே பேசினார். "கட்டிக்கிட்ட நாளா அந்தச் சத்தம் கேக்கறப்போ நீங்க அதுக்குள்ள இருப்பீங்க. இல்லைன்னா இருப்பீங்களோன்னு இருக்கும். ரோட்டுல டியூட்டியில நின்னாலும் சரி, கோர்ட்டு வராண்டாவுல நின்னாலும் சரி, ஒரு நிமிஷம் எனக்கு மூச்சு நிக்கும். அன்னிக்குத்தான் முதல் தடவையா நீங்க எங்கே இருக்கீங்கன்னு தெரிஞ்சு சைரனைக் கேட்டேன். எழுந்து போய் நின்னு, அது தெருமுனை திரும்பற வரைக்கும் முழுசாக் கேட்டேன். அவ்வளவு நல்லா இருந்துச்சு. அதான் ஆட்டினேன்."

ஏணியின் கையில் ஒரு பட்டாணித் தோல் இருந்தது. அதை மடித்து, இன்னொரு தடவை மடித்து, மேஜையில் வைத்தார்.

"நிலையத்துல நான் ஏணி," என்றார் மெதுவாக. "வீட்டுல யாரு? அதுதான் எனக்குப் பயம்."

"குறட்டை விடற ஆளு. எனக்கு அது போதும்."

"பெரிய பதவிதான்."

"ஏழு நாள்லயே நல்லா செஞ்சீங்களே."

ஏணி பேனாவை எடுத்து, பதிவேட்டில் எல்லா 'மிகவும்'களையும் அடித்தார். ஏழாம் நாளுக்கு எதிரே, "வண்டி போனது தெரியாமல் தூங்கினேன்," என்று எழுதி, நேரத்தையும் போட்டார். தவறு என்ற பத்தியில் என்ன எழுதுவது என்று மனைவியைப் பார்த்தார். ரைட்டரம்மா பேனாவை வாங்கி, அந்த இடத்தில் தன் அழகான கையெழுத்தில், "இல்லை," என்று எழுதினார்.

மாதக் கடைசி நாள் மாலை மூன்று மணிக்கு இருவரும் ஓய்வூதியப் பிரிவில் நின்றார்கள். மூக்கு நுனியில் கண்ணாடி வைத்திருந்த அதிகாரி விண்ணப்பத்தை மேலிருந்து கீழாகப் படித்துவிட்டு ஒரு இடத்தில் நிறுத்தினார்.

"காரணம்ங்கற இடத்தைக் காலியா விட்டிருக்கீங்க. எல்லாரும் குடும்பச் சூழ்நிலைன்னு போடுவாங்க. இல்லைன்னா உடல்நலம்னு."

ஏணி பேனாவை வாங்கி எழுதிக் கொடுத்தார். அதிகாரி கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டு படித்தார். "'வீட்டில் தூங்குவதற்கு ஆள் தேவைப்படுகிறது.' என்ன சார் இது? இதையெல்லாம் எப்படி மேலே அனுப்பறது?"

"எழுதினது எழுதினபடியே அனுப்புங்க," என்றார் ரைட்டரம்மா, சீருடையின் முழு மிடுக்கோடு. "வாக்குமூலத்துல ஒரு வார்த்தையை மாத்தக் கூடாது. சாட்சி வேணும்னா நான் இருக்கேன்."

அதிகாரி இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு சிரித்துவிட்டு முத்திரையைக் குத்தினார்.

வெளியே வந்ததும் ரைட்டரம்மா மணியைப் பார்த்தார். நிலையத்துக்குத் திரும்ப வேண்டும். ஆட்டுக்குட்டி கிடைத்துவிட்டதாம், கூடவே அது யாருடையது என்று ஒரு புதுச் சண்டையும் கிடைத்துவிட்டதாம்.

"நீ இன்னும் எத்தனை வருஷம்?" என்றார் ஏணி, தெரியாத மாதிரி.

"பத்து."

"பத்து வருஷமும் நான்தான் காத்துக்கிட்டு இருக்கணுமா?"

"ஆமா. ஆறரைக்கு வந்துடுவேன்," என்று சொல்லி அவர் பேருந்தில் ஏறினார். ஜன்னல் வழியாக ஒரு தடவை கையை ஆட்டினார்.

பேருந்து கண்ணுக்கு மறையும்வரை ஏணி நின்றார். பிறகு காய்கறிக் கடைக்குப் போய், எதற்கும் இருக்கட்டும் என்று இரண்டு கிலோ பட்டாணி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தார்.